சனிக்கிழமைகளில் அக்கா போன் எடுக்காது

போன சனிக்கிழமை ஞாபகமில்லாமல் அக்காவுக்குப் போன் போட்டுவிட்டேன். எடுத்துவிட்டது. அதுவே அதிசயம்.

"யாருக்கும் ஒடம்பு சரியில்லையா?"

இல்லை என்றேன்.

"அப்ப வையி. என்ன கெழமைன்னு தெரியாதா ஒனக்கு?"

மொத்தம் ஒன்பது விநாடி. பின்னால் யாரோ தெலுங்கில் விலை கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

அக்கா திருநள்ளாற்றில் இருக்கிறது. நளன் குளத்துக்குப் போகிற வழியில் அத்தானுக்கு ஒரு சின்னக் கடை. நல்லெண்ணெய்ப் பாக்கெட், எள் முடிச்சு, அகல், கறுப்புத் துணி, தேங்காய் பழம், துண்டு. ஊருக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை எப்படியோ, அதற்கு நேர் எதிர் இந்த ஊருக்குச் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை ராத்திரியே வேனும் பஸ்ஸும் வந்து நிற்க ஆரம்பித்துவிடும். விடியற்காலையில் அக்கா கல்லாவில் உட்கார்ந்தால் மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்காது. அன்றைக்கு அதற்குத் தம்பி கிடையாது, புருஷன் கிடையாது, முட்டிவலிகூடக் கிடையாது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் யாராவது கோபித்துக்கொள்வீர்கள். அக்கா இருக்கிறது, அக்கா எடுத்தது என்று எழுதுவது மரியாதைக் குறைவால் இல்லை. எங்கள் பக்கம் அக்கா 'அது'தான். அக்கா வந்துச்சு, அக்கா திட்டுச்சு. 'வந்தாள்' என்று எழுதினால் யாரோ அடுத்த தெருப் பெண் மாதிரி ஒட்டாமல் நிற்கிறது. 'வந்தார்' என்றால் ஹெட்மிஸ்ட்ரஸ். சென்னையில் என்னோடு அறையில் இருந்த திருநெல்வேலிக்காரன் ஒருவன், "என்னல, அக்காவப் போய் ஆடு மாடு மாதிரி சொல்லுத" என்று கேட்டான். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். சாமி கண்ணைக் குத்தும், குழந்தை அழும், அக்கா அடிக்கும். அந்த வரிசையில் வருகிற 'அது' இது.

என்னைவிட எட்டு வயது பெரியது. எங்கள் ஊர் பேரளத்துக்குப் பக்கம். அங்கிருந்து திருநள்ளாறு இருபது கிலோமீட்டர்கூட இருக்காது, ஆனால் மாநிலம் வேறு. தமிழ்நாட்டு வயலும் புதுச்சேரி வயலும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் குடிக்கும். அம்பகரத்தூர் வந்ததும் கடைப் பலகையில் மட்டும் விலாசம் மாறும். அக்காவைக் கட்டிக்கொடுத்தபோது அப்பா, "பொண்ண வெளிமாநிலத்துல குடுத்திருக்கேன்" என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு தலைமுறைக்கு முன்னால் கொடுத்திருந்தால் வெளிநாடு. 1954 நவம்பர் 1 வரைக்கும் திருநள்ளாறு சேர்ந்த காரைக்கால் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி. கல்யாணத்தில் பெரியம்மா ஒருத்தி, "இனிமே நீ பிரெஞ்சு பேசணுமாடி?" என்று அக்காவைக் கேட்டது எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஓடுகிற கிண்டல்.

பிரெஞ்சு வரவில்லை. தெலுங்கு வந்தது. கன்னடம் கொஞ்சம், இந்தியில் நூறு வரைக்கும் எண்கள். எல்லாம் கடையில் உட்கார்ந்தபடியே கற்றுக்கொண்டது. வேனிலிருந்து இறங்குகிறவர்கள் செருப்பைக் கழற்றுகிற விதத்தைப் பார்த்தே எந்த ஊர் என்று சொல்லிவிடும் என்று அத்தான் சத்தியம் செய்கிறார். நான் நம்பவில்லை. வண்டியின் நம்பர் பிளேட்டைத்தான் பார்க்கிறது என்று நினைக்கிறேன். ஆனாலும் அது தெலுங்கில் பேசுகிற விஷயம் வியாபாரம் மட்டும் இல்லை. வருகிறவர்கள் நேரே சனீஸ்வரனிடம் ஓடுவார்கள். அக்காவுக்கு அது பிடிக்காது.

"கோயிலு தர்ப்பாரண்யேஸ்வரரோடது. இவரு அங்க வாசலுக்குப் பக்கத்துல நிக்கிறவரு. வீட்டுக்காரர பாக்காம வாசல்ல நிக்கிறவர மட்டும் பாத்துட்டு ஓடுனா நல்லாவா இருக்கு?" என்று கேட்கும். முதலில் எண்ணெய் வைத்துக் குளத்தில் முங்கு, குளத்தங்கரைப் பிள்ளையாரைக் கும்பிடு, அப்புறம் உள்ளே மூலவர், அம்பாள், கடைசியாகச் சனீஸ்வரன். இந்த வரிசையைக் கேட்காமல் அக்கா கடையில் தேங்காய் வாங்க முடியாது. சம்பந்தர் மதுரையில் சமணரோடு வாது செய்தபோது நெருப்பில் போட்டும் கருகாத ஏடு இந்தக் கோயிலைப் பாடிய பதிகம்தான், அதனால்தான் பச்சைப் பதிகம் என்று பேர் என்பதையும் தெலுங்கில் சொல்லும். சம்பந்தர் யார் என்று அவர்களுக்குத் தெரியுமா தெரியாதா என்ற கவலை எல்லாம் அதற்கு இல்லை.

குளத்து விஷயம் தனி. நளன் இங்கே குளித்துத்தான் சனி விலகியது என்று ஐதீகம். அதனால் வருகிறவர்கள் குளித்துவிட்டு உடுத்தியிருந்த ஈரத்துணியை அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். துணியோடு பீடையும் போய்விடுமாம். குளத்தில் விடாதீர்கள் என்று கோயிலில் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அக்காவின் கருத்து இன்னும் கறாரானது. "பீடையா போவுது? எண்ணூறு ரூவா சேல போவுது."

ஒரு கார்த்திகை மாதத்து மழையில், ஆந்திராவிலிருந்து மகனோடு வந்த ஒரு வயசான அம்மா முங்கி எழுந்து, உடுத்தியிருந்ததைக் கழற்றிப் போட்டுவிட்டு, துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றிருக்கிறது. மாற்றுத்துணி இருந்த பை வேறு ஏதோ வண்டியில் போய்விட்டது. மகன் பையைத் தேடி ஓடிவிட்டான். அக்கா கடையை அத்தானிடம் விட்டுவிட்டு அந்த அம்மாவை வீட்டுக்கு அழைத்துப்போய், காபி கொடுத்து, பீரோவைத் திறந்து ஒரு புதுப்புடவையை எடுத்துக் கட்டிவிட்டு அனுப்பியிருக்கிறது. தீபாவளிக்கு நான் எடுத்துக்கொடுத்தது அது. மடிப்புக்கூட கலையாதது. எனக்கு இது இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியும். புடவை பிடித்திருந்ததா என்று நான் கேட்டபோது அக்கா சொன்னது: "ரொம்ப நல்லா இருந்துச்சுடா, அந்தம்மாவுக்கு."

புகழ்ந்துகொண்டே போனால் நம்ப மாட்டீர்கள். ரகசியம் தங்காது. என் கல்யாண விஷயம் நான் வீட்டில் சொல்வதற்கு முன்னால் பேரளம் வரைக்கும் போய்விட்டது. யார் பேசினாலும் பாதியில் வெட்டி, மீதியைத் தானே சொல்லி முடிக்கும். பெரும்பாலும் தப்பாக. என் சமையலைப் பற்றி அது சொன்னவற்றை இங்கே எழுதினால் என் மனைவி சேர்ந்துகொள்வாள். கடன் கொடுத்தால் நோட்டில் எழுதும், என் பெயருக்கும் தனிப் பக்கம் உண்டு. அரசியலில் ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு ஞானம் பிறக்கும். புதுச்சேரிச் சட்டசபையின் 30 தொகுதியில் காரைக்காலுக்கு 5 தான், அதில் திருநள்ளாறு ஒன்று. "முப்பதுல ஒண்ணு எங்க ஊரு, ஒங்க ஊரு எரநூத்தி முப்பத்தி நாலுல ஒண்ணு" என்று தமிழ்நாட்டுக்காரனான என்னைக் கணக்கில் அடித்து உட்காரவைக்கும்.

கணக்கு என்றதும் என் ஏழரை ஞாபகம் வருகிறது.

எனக்கு விருச்சிக ராசி. திருநள்ளாற்றில் பின்பற்றுகிற வாக்கியப் பஞ்சாங்கப்படி 2011 டிசம்பர் 21 அன்று சனி துலாத்துக்கு வந்தது, எனக்கு ஏழரை தொடங்கியது. 2014 டிசம்பர் 16 விருச்சிகம். 2017 டிசம்பர் 19 தனுசு. 2020 டிசம்பர் 27 மகரம், அத்தோடு எனக்கு விடுதலை. கூட்டிப் பாருங்கள். ஒன்பது வருஷம்! சூரியனை ஒரு சுற்றுச் சுற்றச் சனிக்கு ஏறக்குறைய 29½ வருஷம், பன்னிரண்டு ராசிக்கும் பங்கு போட்டால் ராசிக்கு இரண்டரை, மூன்று ராசிக்கு ஏழரை. ஆனால் சுற்றுப்பாதை சரியான வட்டமில்லை. 2018-இல் சனி சூரியனைவிட்டு வெகுதூரத்தில் இருந்தது, தூரத்தில் இருக்கும்போது மெதுவாகத்தான் நகரும். ஆக விருச்சிகக்காரர்களுக்கு விழுந்த அந்தக் கூடுதல் ஒன்றரை வருஷத்தில் ஒரு பங்கை வானவியலே போட்டுவிட்டது. இதை நான் காகிதத்தில் எழுதி அக்காவிடம் காட்டினேன். "ஒம் பங்குக்குன்னு வரும்போதுதான் அவரும் நொண்டுவாரு" என்றது. சனீஸ்வரனுக்கு ஒரு கால் ஊனம் என்பது புராணம். எந்தக் கேள்விக்கு யார் பதில் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றது.

2015-இல் நான் வேலை பார்த்த கம்பெனி, ஒரு திங்கட்கிழமை காலையில், எங்கள் பிரிவையே மூடிவிட்டது. பதினோரு பேர். அப்பாவிடம் சொல்லவில்லை. இரண்டு மாதம் அறையில் இருந்து பார்த்தேன், வாடகைக்கு ஆகவில்லை. ஒரு புதன்கிழமை ராத்திரி காரைக்கால் பஸ்ஸில் ஏறிவிட்டேன். காரைக்காலிலிருந்து திருநள்ளாறு ஐந்து கிலோமீட்டர். விடிகிற நேரத்துக்கு அக்கா வீட்டு வாசலில் பையோடு நின்றேன். அக்கா கோலம் போட்டுக்கொண்டிருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தது, பையைப் பார்த்தது. ஒரு நாளைக்கு வருகிறவன் தூக்குகிற பை இல்லை அது.

"பல்லு வெளக்குனியா?"

இல்லை.

"போ. பிரஷ்ஷு புதுசு சமையக்கட்டு அலமாரில இருக்கு. கோலத்த மிதிக்காம போ."

நான்கு மாதம் இருந்தேன். ஒரு நாளும் என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. நானாகச் சொன்னது அத்தானிடம்தான், அவர் அதற்கு மறுநாளே அக்காவிடம் சொல்லியிருப்பார், அக்கா அதற்கும் மறுநாள் எனக்குப் பிடித்த வாழைப்பூ வடை சுட்டது. அவ்வளவுதான் விசாரணை.

மூன்றாம் நாள் சாயந்திரம் ஒரு முறம் நிறைய எள்ளையும் சதுரமாக வெட்டிய கறுப்புத் துணியையும் என் முன்னால் வைத்தது. துணியில் ஒரு கரண்டி எள், நான்கு முனையும் சேர்த்துப் பிடி, நூலை மூன்று சுற்று, ஒரு இறுக்கு. சனிக்கிழமைக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும். என் முதல் இருபது முடிச்சும் ஒழுகின. அக்கா ஒவ்வொன்றாக எடுத்து உதறிப் பார்த்து, அத்தனையையும் பிரித்துப் போட்டது. "எங்கேருந்தோ கடன வாங்கிட்டு வர்றாங்கடா. கைல குடுக்கறப்பவே எள்ளு கொட்டுனா, வந்தது வீணாப்போச்சுன்னு ஊரு போற வரைக்கும் அதுதான் மனசுல ஓடும். இறுக்கிக் கட்டு." அந்த நான்கு மாதத்தில் நான் எத்தனை முடிச்சுப் போட்டேன் என்று கணக்கில்லை. இப்போதும் பார்சல் கட்டினால் மூன்று சுற்றுதான் கை சுற்றுகிறது.

ஒரு நாள் அத்தான் வழிச் சொந்தக்காரர் ஒருவர் வந்தார். நான் கடை வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். "தம்பி மெட்ராஸ்ல இல்ல இருந்தாப்ல? வேல ஏதும்..." என்று ஆரம்பித்தார்.

"எனக்குக் கை சுளுக்கிக்கிச்சு மாமா. ஒண்ணும் தூக்க முடியல. அதான் லீவு போட்டுட்டு வாடான்னேன்" என்றது அக்கா, பதினைந்து கிலோ எண்ணெய் டின்னை இரண்டு கையாலும் தூக்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தபடி.

அவர் டின்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

சரி, இந்த ஊரிலேயே உட்கார்ந்திருக்கிறோம், பரிகாரம் செய்துவிடலாமா என்று அக்காவைக் கேட்டேன். குளத்தில் முங்கி, எள் விளக்குப் போட்டு, எல்லாம் முறைப்படி. அக்கா வேண்டாம் என்றது. "தேடி வந்து புடிக்கிறவருதானே அவரு. நீ அவரு வீட்டுக்கே வந்து ஒக்காந்து எள்ளு கட்டிக்கிட்டு இருக்க. இனிமே எங்கேருந்து வந்து புடிப்பாரு?"

அந்த நாட்களில் மத்தியானங்கள் நீளமாக இருக்கும். அத்தானின் அப்பா வைத்திருந்த அலமாரியில் பெரிய புராணம் இருந்தது, உரையோடு. திருநாவுக்கரசர் கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன், ஆனால் அக்கா வீட்டில் உட்கார்ந்து படிக்கும்போது அது வேறு கதையாக இருந்தது. திருவாமூரில் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விடுகிறார்கள். அக்கா திலகவதியாருக்குப் பேசிவைத்திருந்த கலிப்பகையார் போரில் இறந்துவிடுகிறார். தானும் உயிரை விடுவது என்று அவர் தீர்மானிக்கும்போது தம்பி காலில் விழுந்து, நீங்கள் போனால் உங்களுக்கு முன்னால் நான் போவேன் என்கிறான். தம்பிக்காக உயிரோடு இருக்கிறார். அந்தத் தம்பி வளர்ந்து சமணத்துக்குப் போய்த் தருமசேனர் என்று பெரிய ஆளாகிவிடுகிறார். அக்கா திருவதிகையில் கோயில் வாசலைப் பெருக்கி, மெழுகிக்கொண்டு இருக்கிறார். தம்பிக்குச் சூலை நோய் வந்து, எந்த மருந்துக்கும் கேட்காமல், சமையல்காரனை அக்காவிடம் தூது அனுப்புகிறார். நான் அங்கே வர மாட்டேன் என்று அக்கா சொல்லி அனுப்புகிறார். அப்புறம்தான் தம்பி ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி வந்து அக்கா வாசலில் நிற்கிறார். அக்கா திருநீறு கொடுத்து, விடிவதற்குள் துடைப்பத்தையும் சாணிக் குடத்தையும் எடுத்துக்கொண்டு, தம்பியையும் அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போகிறார்.

அதற்கப்புறம் அவர் ஊர் ஊராகப் போய்ப் பாடினார். திருநள்ளாற்றுக்கும் வந்து பாடியிருக்கிறார்.

புத்தகத்தின் முன்பக்கத்தில் 63 நாயன்மார் பட்டியல் இருந்தது. விரலை வைத்துத் தேடினேன். பெண்கள் மூன்று பேர். காரைக்கால் அம்மையார், நம் பக்கத்து ஊர், ஆனி மாதம் மாங்கனி இறைப்பார்களே, அவர். பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியார். சுந்தரரின் அம்மா இசைஞானியார். அம்மா இருக்கிறார், ராணி இருக்கிறார். அக்கா இல்லை. தம்பி இருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சமையல்கட்டுக்குப் போய் அக்காவிடம் மொத்தக் கதையையும் சொல்லி, இது நியாயமா என்று கேட்டேன். அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டது. பட்டியல் விஷயத்தை அது கண்டுகொள்ளவே இல்லை.

"ராத்திரி வந்தான்ல, அப்ப திருநீறு குடுத்துச்சுன்னுதான் போட்டிருக்கா?"

ஆமாம்.

"மொதல்ல சோறு போட்டிருக்கும்டா. வயித்துவலின்னா கஞ்சியாவது வச்சிருக்கும். அதெல்லாம் எழுத மாட்டாங்க."

சேக்கிழாரை நான் அதற்கப்புறமும் படித்திருக்கிறேன். அக்கா சொன்ன கஞ்சி அதில் இல்லைதான். ஆனால் அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு அடுப்பு எரிகிற சத்தம் கேட்கிறது.

இரண்டு வருஷம் கழித்துத் திருவதிகைக்கு அக்காவை அழைத்துப் போனேன், பண்ருட்டிக்குப் பக்கத்தில். அங்கே திலகவதியாருக்குத் தனிச் சந்நிதி உண்டு. அக்கா கொஞ்ச நேரம் நின்று கும்பிட்டது. வெளியே வந்து, "தனியா வச்சிருக்காங்க. தம்பிய பக்கத்துல வைக்கலாம்ல" என்று மட்டும் சொன்னது. பண்ருட்டியில் பலாப்பழம் விலை பேசி என் மானத்தை வாங்கியது தனிக் கதை.

2020 டிசம்பர் 27 பெயர்ச்சிக்கு நான் போக முடியவில்லை. கொரோனா நேரம். வழக்கமாக லட்சக்கணக்கில் கூடுகிற இடத்தில் அந்தத் தடவை ஏகப்பட்ட கட்டுப்பாடு. அந்த வருஷம் முழுக்கவே கடையில் வியாபாரம் படுத்துவிட்டது. அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தான்தான் சொன்னார், எண்ணெய்ப் பாக்கெட் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது என்று. நான் கொஞ்சம் பணம் அனுப்பினேன். அக்கா அதை நோட்டில் என் பக்கத்தில் வரவு வைத்து, மறு வருஷம் திருப்பிக் கொடுத்தது. வாங்க மாட்டேன் என்றேன். "நீ நாலு மாசம் கட்டுன எள்ளுக்குக் கூலின்னு வச்சிக்க" என்றது.

அந்தப் பெயர்ச்சியன்று விடிகாலையில் என் போன் அடித்தது. நான் தூக்கத்தில் எடுத்தேன்.

"போயிட்டாருடா. எந்திரிச்சுத் தல முழுவு." வைத்துவிட்டது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, அதனால் கூட இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம்.

காக்கையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அக்காவைப் பற்றிச் சொன்னதாகாது. சனீஸ்வரனின் வாகனம் என்பதால் அந்த ஊரில் காக்கைக்கு ராஜ மரியாதை. ஆனால் அக்காவுக்கும் காக்கைக்கும் உள்ள ஒப்பந்தம் அதற்கு முந்தியது. கல்யாணத்துக்கு முன்னால், எங்கள் வீட்டு மொட்டைமாடியிலேயே, மாட்டுப்பொங்கல் காலையில் கணுப்பிடி வைக்கும். மஞ்சள் இலையில் மஞ்சள் சோறு, குங்குமச் சோறு, சர்க்கரைப் பொங்கல், தயிர்சாதம் என்று சின்னச் சின்ன உருண்டையாக. காக்கைக் கூட்டம் மாதிரி கூடப் பிறந்தவர்கள் பிரியாமல் இருக்க வேண்டும் என்பது வேண்டுதல். சின்ன வயதில் நான் அதில் சர்க்கரைப் பொங்கல் உருண்டையைத் திருடித் தின்றிருக்கிறேன். அக்கா பார்த்துவிட்டு, "காக்காதான் தின்னுச்சு" என்று அம்மாவிடம் சொன்னது. ஆத்திரத்தில் சொன்னதா, காப்பாற்றச் சொன்னதா என்று இன்னும் புரியவில்லை.

இப்போதும் வைக்கிறது, திருநள்ளாற்று மாடியில். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும். ஒரு வருஷம் காக்கை வர நேரமாகிவிட்டது. ஊர் முழுக்க வீட்டுக்கு வீடு இலை போட்டிருந்தால் அது எங்கேதான் போகும்? அக்கா பதினொரு மணி வரைக்கும் வெயிலில் நின்றிருக்கிறது, முட்டிவலியோடு. அத்தான் எனக்குப் போன் செய்து, "நீயாவது கீழ வரச் சொல்லுய்யா" என்றார். நான் சொன்னேன். "ஒனக்கு வைக்கிற சோத்துக்கு நீ பேசாத" என்று வந்தது பதில். கடைசியில் ஒன்று வந்து கொத்தியது. எந்த உருண்டையை முதலில் எடுத்தது என்று கேட்டேன். சர்க்கரைப் பொங்கலைத்தானாம்.

கணுவுக்கு அண்ணன் தம்பி சீர் கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் கரும்பும் மஞ்சள் கொத்தும் புடவையுமாக நேரில் போவேன். இந்த வருஷம் போக முடியவில்லை. ஜிபேயில் ஐயாயிரம் ரூபாய் அனுப்பிவிட்டு, வேலையாகிவிட்டேன். சாயந்திரம் அக்கா போன் செய்தது.

"வந்துச்சுடா. ஐயாயிரம்."

சரி என்றேன். அந்தப் பக்கம் சத்தமில்லை.

"மொய்க்கு எப்புடி எழுதுவாங்க ஊர்ல?"

அப்போதுதான் உறைத்தது. போனைக் காதிலிருந்து எடுத்து, மறுபடியும் அந்தச் செயலியைத் திறந்து, அக்கா பேருக்கு ஒரு ரூபாய் அனுப்பினேன்.

"ம்ம். வந்துருச்சு" என்றது. "சாப்புட்டியா?"